மூலைக்கு மூலை

கடலூர் செம்மண்டலத்தில் மணவாளன் மேஸ்திரி கட்டிய வீடுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு தெரு நீளம் வரும். அவற்றை நாம் எண்ண வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். டிவிஎஸ் வண்டியில் போகிறபோதே பின்னால் உட்கார்ந்திருப்பவனிடம், "தோ அந்த மாடி வீடு நாம போட்டது. எதிர்த்தாப்புல பச்சை கேட்டு, அதுவும் நாம போட்டது" என்று கையை எடுத்து எடுத்துக் காட்டுவார். வண்டி எங்கே போகிறது என்று பின்னால் இருப்பவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வருஷத்தில் அவர் எழுப்பிய சுவரில் கோணல் கண்டுபிடித்தவன் கிடையாது. கண்டுபிடித்திருந்தாலும் அவரிடம் சொன்னவன் கிடையாது. அந்த வாய்க்கு யார் பதில் சொல்வது?

அப்பேர்ப்பட்ட மனிதரைப் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி மடக்கிவிட்டாள். அவருடைய மகள்தான், சத்யப்பிரியா. பிளஸ் டூ படிக்கிறாள், கணக்கில் புலி. அவளை அண்ணாமலை நகர் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேர்ப்பது என்று அவள் ஏழாவது படிக்கும்போதே மேஸ்திரி முடிவு கட்டி, ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். 2008 பொங்கல் அன்று, நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த கரும்பைக் கடித்துக்கொண்டே அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்.

"அப்பா, நான் சிவில் எடுக்கப் போறேன்."

"என்னாது?"

"சிவில்ப்பா. கட்டடம் கட்டுறது."

"கட்டடம் கட்டத்தான் நான் இருக்கேன்ல? குடும்பத்துக்கு ஒருத்தன் வெயில்ல வெந்தது போதாதா?"

"நான் படிச்சிட்டுத்தானேப்பா போகப் போறேன்."

"படிச்சிட்டுப் போனா வெயிலு உன் சர்டிபிகேட்டைப் பாத்து ஒதுங்கிக்குமா?"

கத்தினாரே தவிர, உள்ளே இருந்த காரணம் வெயில் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் மனைவி புஷ்பவள்ளி அவர் வேலை செய்த இடத்திலேயே சித்தாளாகச் சட்டி தூக்கியவள். ஐந்து வருஷம் தலையில் கலவை சுமந்தாள். இப்போது கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லி, இரவில் தலையணை இல்லாமல் படுக்கிறாள். மேஸ்திரி பார்த்த வரைக்கும் கட்டட வேலையில் பெண் என்றால் அது தலையில் சும்மாடும் சட்டியும்தான். தன் மகளை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க அவருக்கு மனசு ஒப்பவில்லை. அதை அப்படியே சொல்லித் தொலைத்திருக்கலாம். சொல்ல வராததால் கத்தினார்.

"இந்தப் பேச்சை இத்தோட விட்டுடு" என்றார். அவளும் விட்டுவிட்டாள். ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. மேஸ்திரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவள் படித்த பெண்கள் பள்ளியில் நூலகக் கட்டடம் கட்டும் வேலை மேஸ்திரிக்குத்தான் வந்திருந்தது. முப்பதடிக்கு நாற்பதடி, ஒரே ஹால். பொங்கல் கழிந்த வாரம் தலைமையாசிரியை பிரிசில்லா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"மேஸ்திரி, பிளஸ் டூ புள்ளைங்க நாப்பது பேரைக் கேட்டேன், என்னவா வரப் போறீங்கன்னு. ஒண்ணு ரெண்டு பேரைத் தவிர, பாதி டாக்டர், பாதி கம்ப்யூட்டர். தினம் ஒரு கட்டடத்துக்குள்ள கண்ணு முழிக்குதுங்க, இன்னொரு கட்டடத்துக்குள்ள வந்து படிக்குதுங்க. இதை யாரு வரையுறாங்க, யாரு கணக்குப் போடுறாங்க, யாரு கட்டுறாங்கன்னு மத்த ஒருத்திக்கும் தோணல. நீங்க மார்க்கிங் போடுற அன்னைக்கு இதுங்க கையாலயே போட வைங்க. சிதம்பரத்துலேர்ந்து ஒரு இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கேன். நீங்களும் நாலு வார்த்தை பேசணும்."

மார்க்கிங் என்பது காகிதத்தில் இருக்கிற கட்டடத்தை முழு அளவில் மண்ணில் கோடாகப் போடுவது. நாலு மூலைக்கும் முளை அடித்து, நூல் கட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடி தூவுவார்கள். மறுநாள் அந்தக் கோட்டில்தான் அஸ்திவாரம் தோண்டுவார்கள்.

மேஸ்திரி உடனே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. நாற்பது பெண்களில் தன் மகளும் இருப்பாள். வீட்டில் சொன்னால் ஏறாதது மைக்கில் சொன்னால் ஏறும். கட்டட வேலைக்கு ஏன் வரக்கூடாது என்று இடுப்பு வலியிலிருந்து ஆரம்பித்து ஒரு பேச்சுத் தயார் செய்தார். சாரம் சரிந்தது, சிமெண்டு தின்ற கால், கட்டைவிரல் நசுங்கியது என்று அதில் ஒன்று பாக்கியில்லை. கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தார். அவரிடம் கொத்தனாராக இருக்கும் மச்சான் கலியமூர்த்தி, புஷ்பவள்ளியின் தம்பி, வாசலில் நின்று முழுதும் கேட்டான்.

"மாமா, அந்தம்மா புள்ளைங்களுக்கு வேலையை அறிமுகம் பண்ணத்தான கூப்புட்டாங்க? நீங்க பேயை அறிமுகம் பண்றீங்களே" என்றான்.

"உன் வேலையைப் பாருடா."

நாள் குறித்தது தை வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கிறது. அதற்குள் கோடு போட்டு, ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில், பூசை செய்து முதல் மண்ணை வெட்டிவிட வேண்டும். ராகுகாலத்தில் கடப்பாரையைத் தொட்ட பழக்கம் மேஸ்திரிக்கு இல்லை. "நமக்கு அதெல்லாம் கிடையாது மேஸ்திரி. ஆனா உங்க நம்பிக்கை உங்களுக்கு. பத்தரைக்குள்ள முடிச்சிடுங்க" என்று பிரிசில்லாவும் சொல்லிவிட்டார்.

எட்டரைக்கு வர வேண்டிய இன்ஜினியர் பஸ்ஸை விட்டுவிட்டு ஒன்பது இருபதுக்கு ஓடி வந்தார். அறிவழகன் என்று பெயர், முப்பது வயசுகூட இருக்காது. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகப் பேசினார். வீட்டை வரைகிறவர் ஒருவர், தூணுக்குள் எத்தனை கம்பி என்று கணக்குப் போடுகிறவர் ஒருவர், மண்ணைச் சோதிக்கிறவர் ஒருவர், எத்தனை மூட்டை சிமெண்டு ஆகும் என்று முன்கூட்டியே சொல்கிறவர் ஒருவர், களத்தில் நின்று எல்லாவற்றையும் ஒன்றுசேர்க்கிறவர் ஒருவர் என்று விரல்விட்டுச் சொன்னார். "என்கூட அண்ணாமலை நகர்ல சிவில் படிச்ச பொண்ணுங்க பதினோரு பேர். அதுல ஒருத்தி இப்ப பாலம் கட்டிக்கிட்டு இருக்கா" என்றதும் சத்யப்பிரியா நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள். அதை மேஸ்திரி கவனித்துவிட்டார்.

மைக் அவர் கைக்கு வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. பேயை அறிமுகப்படுத்த நேரமில்லை. "பேச்சு அப்புறம். எல்லாரும் எந்திரிச்சு வாங்க" என்றார்.

தென்மேற்கில் கன்னி மூலை. அங்கே முதல் முளையை அடித்தார். ஒரு நூலில் மூன்றடி, குறுக்கு நூலில் நாலடி அளந்து புள்ளி வைத்து, இரண்டு புள்ளிக்கும் நடுவே ஐந்தடி வரும்படி நூலை நகர்த்தினார். "ஐயோ, பிதாகரஸ்!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"அவரு யாருன்னு எனக்குத் தெரியாது. எங்க மேஸ்திரி இப்படித்தான் மட்டம் பாப்பாரு" என்றார் மணவாளன். சிரிப்பு அடங்க ஒரு நிமிஷம் ஆனது. அவருக்கே கொஞ்சம் குஷி வந்துவிட்டது.

அவருடைய டேப்புக்கு முதல் அடி பிய்ந்து போயிருந்தது. புதுசு வாங்க மாட்டார். பிய்ந்த டேப்பை வைத்துக்கொண்டு எல்லா மேஸ்திரிகளும் செய்வதுதான்: ஒன்றாம் அடியில் பிடித்துக்கொண்டு, எதிர்முனையில் ஓர் அடி கூட்டிப் படிப்பார்கள். "முப்பது வேணும்னா முப்பத்தொண்ணு பாக்கணும். நாப்பது வேணும்னா நாப்பத்தொண்ணு. புரியுதா?" என்று அவரே பெண்களுக்கு விளக்கினார். சத்யப்பிரியாவும் இன்னும் மூன்று பேரும் ஒன்றாம் அடியில் மாறி மாறிப் பிடித்தார்கள். மற்றவர்கள் நூலை இழுத்தார்கள், முளையைப் பிடித்தார்கள், சுண்ணாம்புத் தட்டோடு காத்திருந்தார்கள். கன்னி மூலையிலிருந்து தென்கிழக்குக்கு முதல் பக்கம் முப்பது, சரி. அங்கிருந்தே வடமேற்குக்கு இரண்டாவது பக்கம் நாற்பது, சரி.

மூன்றாவது பக்கம் தென்கிழக்கிலிருந்து ஈசானிய மூலைக்குப் போகிற நாற்பது. அதற்குள் மணி பத்தேகால். ஊதுபத்தி கொளுத்தியாகிவிட்டது. "மாமா, மணி ஆவுது!" என்று கலியமூர்த்தி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தான். மேஸ்திரி டேப்பைப் பார்த்தார், "நாப்பது! அடிடா முளையை!" என்றார். கலியமூர்த்தி தேங்காயைக் கீழே வைத்துவிட்டு முளையை அடித்தான்.

நாற்பத்தொன்றில் அடித்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவரே வாயால் சொன்னதுதான். அவசரத்தில் அந்த ஓர் அடியைக் கூட்ட மறந்துபோனார். கட்டடத்தின் ஒரு பக்கம் முப்பத்தொன்பதடிதான்.

மறந்தது அப்போதே தெரிந்திருந்தால் பரவாயில்லை. நாலாவது பக்கத்தை அளந்தார்கள். முளை நீளவாக்கில்தானே ஓர் அடி தள்ளியிருக்கிறது, குறுக்கே அது காட்டிக் கொடுக்கவில்லை. முப்பதடிக்கு மேல் ஓர் அரிசி நீளம்தான் கூடுதலாக வந்தது. "முப்பது! பாத்தீங்களா? இதெல்லாம் பூச்சுல மறைஞ்சிடும்" என்று மேஸ்திரி மார்தட்டினார். பெண்கள் கை தட்டினார்கள். இன்ஜினியரும் தட்டினார்.

"அப்பா, மூலைக்கு மூலை பிடிக்கலையே" என்றாள் சத்யப்பிரியா.

குறுக்கே மூலைக்கு மூலை பிடிக்காமல் அவர் எந்த மார்க்கிங்கையும் முடித்ததில்லை. இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் கட்டடம் மூலை கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். இன்றைக்கு மணி துரத்துகிறது.

"அதை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாலு பக்கமும் சரியா இருந்தா மட்டும் போதாதுப்பா. செவ்வகம்னா மூலைவிட்டம் ரெண்டும் சமமா இருக்கணும்."

"எனக்கே சொல்லித் தரியா? தள்ளு."

அவள் தள்ளவில்லை. கையில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எல்லாரும் அப்பாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். "பிடிச்சிடுங்க மேஸ்திரி. ரெண்டு நிமிஷம்தானே" என்றார் பிரிசில்லா.

பிடித்தார்கள். தென்கிழக்கிலிருந்து வடமேற்குக்கு ஐம்பதடி. கன்னி மூலையிலிருந்து ஈசானியத்துக்கு நாற்பத்தொன்பதடி இரண்டரை அங்குலம். ஒரு சாணுக்கும் மேலே இடித்தது.

மேஸ்திரிக்கு உடனே விளங்கிவிட்டது. கலியமூர்த்திக்கும் விளங்கியது. அவன் பக்கத்தில் வந்து குசுகுசுத்தான். "மாமா, மணி பத்து இருவத்தஞ்சு. இப்ப வெட்டிடலாம். சாயந்தரம் நாம ரெண்டு பேரும் வந்து முளையை நவுத்திடுவோம். எந்தப் புள்ளைக்குத் தெரியப் போவுது?"

உண்மைதான். இன்ஜினியர் அந்தப் பக்கம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். பெண்களுக்கு அளவு வித்தியாசம் இருப்பது தெரியும், தப்பு யாருடையது என்று தெரியாது. டேப் இழுத்தது சரியில்லை என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டுவிடலாம். மேஸ்திரி மகளைப் பார்த்தார். ஜெயித்த முகமாக இருந்திருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும், கலியமூர்த்தி சொன்னதும் நடந்திருக்கும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை பேர் முன்னால் அப்பாவைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் டேப்பை விடவில்லை.

அடேயப்பா, என்ன அழுத்தம் என்று தோன்றியது மேஸ்திரிக்கு. இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் வேலை பார்த்த ஒருத்தனுக்கு இந்தத் தைரியம் இருந்திருக்குமா?

குனிந்து இரண்டு கையாலும் ஈசானிய முளையைப் பிடுங்கினார். பிறகு மைக்கை வாங்கினார்.

"புள்ளைங்களா, தப்பாப் போச்சு. நீங்க பண்ணது இல்ல, நான் பண்ணது. நாப்பத்தொண்ணுல அடிக்க வேண்டிய முளையை நாப்பதுல அடிச்சிட்டேன். அவசரம். முளை ஒரு அடி தள்ளி நின்னா செவுரு கோணும், செவுரு கோணுனா மேல தளம் கோணும், அதுக்கப்புறம் எந்தச் சாமி வந்தாலும் நிமித்த முடியாது. இன்னைக்கு அது வெறும் குச்சி. புடுங்கி நட்டுட்டாத் தீந்துபோச்சு. சொன்ன பொண்ணுக்குக் கை தட்டுங்க."

கைதட்டல் கேட்டு இன்ஜினியர் செல்போனை வைத்துவிட்டு ஓடி வந்தார். மணி பத்தரை தாண்டிவிட்டது. இனிப் பன்னிரண்டு வரைக்கும் கடப்பாரையைத் தொடுவதற்கில்லை. "சரி, அதுவரைக்கும் எல்லாரும் இந்த மரத்தடியில உக்காந்து கேள்வி கேளுங்க" என்றார் பிரிசில்லா.

அந்த ஒன்றரை மணி நேரம்தான் நிகழ்ச்சி. அதுவரை நடந்ததெல்லாம் ஒத்திகை. மேஸ்திரியே தப்புப் பண்ணுவார் என்று தெரிந்ததும் பெண்களுக்குப் பயம் விட்டுப்போனது. கடற்கரையில் வீடு கட்டினால் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். சுனாமியில் இடிந்த வீடுகளுக்குப் பக்கத்திலேயே சில வீடுகள் நின்றது எப்படி என்று இன்னொருத்தி. எங்கள் வீட்டு ஜன்னலை எந்தப் பக்கம் வைத்திருந்தால் காற்று வந்திருக்கும் என்று ஒருத்தி வரைந்தே காட்டிக் கேட்டாள். பாதிக்கு இன்ஜினியர் பதில் சொன்னார், பாதிக்கு மேஸ்திரி. ஒரு கேள்வி நேராக மேஸ்திரிக்கு வந்தது. கேட்டவள் ஜெயராணி, ஒல்லியான பெண். அவளுடைய அம்மா சித்தாள்.

"ஐயா, பொம்பளைங்க கொத்தனாரா ஆவ முடியாதா? எங்கம்மா பதினாலு வருஷமா கலவை மட்டும்தான் தூக்குறாங்க."

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முடியும்மா. ஏன் முடியாது? கரண்டி பிடிக்கக் கை இருந்தா போதும். நாங்கதான் குடுத்தது இல்ல" என்றார். அந்தப் பதிலைச் சொன்னது தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பன்னிரண்டு அடித்ததும் முளையைச் சரியான இடத்தில் நட்டு, மறுபடி மூலைக்கு மூலை பிடித்தார்கள். "அம்பது!" என்று சத்யப்பிரியா கத்தினாள். அடுத்த குறுக்கையும் பிடித்து, "அம்பது!" என்றாள். கலியமூர்த்தி ஈசானிய மூலையில் தேங்காயை உடைத்தான். நாற்பது பெண்களும் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு வெட்டு மண் எடுத்தார்கள். மகள் வெட்டியபோது அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். பெண் பெருமையில் கண் கலங்குகிற மேஸ்திரியைக் கலியமூர்த்தி பார்த்துத் தொலைத்தால் அப்புறம் ஊரில் நடமாட முடியாது.

மறுநாளிலிருந்து டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சிமெண்டுக் கடையில், எங்கே நின்றாலும் இதே பேச்சு. "நான் தப்புப் பண்ணேன்யா! முழுசா ஒரு அடி! யாருக்கும் தெரியல, இன்ஜினியருக்கே தெரியல. எம் பொண்ணு புடிச்சிட்டா!" தன் தப்பைத் தானே தம்பட்டம் அடித்த ஆள் கடலூரில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்து சிவில் பேச்சு வரும், அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நீ பண்ணது சரிம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. "ரெண்டும் ஒரே மண்ணு, ஒரே சட்டி" என்று புஷ்பவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஜூலையில் அண்ணாமலை நகருக்குக் கவுன்சலிங் கடிதம் வந்தது. அப்பாவும் மகளும் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். பஸ் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டியது. மேஸ்திரி வழியில் தெரிந்த ஒவ்வொரு கட்டடத்தையும் வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்தில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் சத்யப்பிரியா மேசைக்குப் போனாள். மேஸ்திரி முதல் வரிசையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டார். மேசையில் இருந்தவர் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நல்ல மார்க்கும்மா. எல்லாப் பிரிவுலயும் இடம் இருக்கு. எது வேணும்?"

அவள் வாயைத் திறந்தாள். திரும்பி அப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு மேசையைப் பார்த்து, "கம்ப்யூட்டர் சார்" என்றாள்.

ஐந்து வருஷமாக மேஸ்திரி கேட்க ஆசைப்பட்ட சொல் அது. காதில் விழுந்ததும் சாரத்திலிருந்து கால் நழுவினாற்போல இருந்தது. எனக்காகச் சொல்கிறாள். என் மகள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பென்று தெரிந்தே ஒரு தப்பைச் சொல்கிறாள்.

"சார், எழுதாதீங்க!"

மண்டபமே திரும்பியது. மேஸ்திரி மேசைக்குப் பாய்ந்து வந்துவிட்டார்.

"ஏய், உனக்கு வேணுங்கிறது அதுவா?"

"நீங்கதானேப்பா..."

"நான் என்னா நான்? நான் தப்புப் பண்ணா தப்புன்னு சொல்றவதானே நீ? அன்னைக்கு அத்தனை பேர் முன்னால சொன்னே. தள்ளுன்னேன், தள்ளுனியா? இப்ப மட்டும் எவனுக்குப் பயந்து வாயை மூடுற?"

"பெரியவரே, சத்தம் போடாதீங்க. இப்ப நான் என்ன எழுதட்டும்?" என்றார் மேசைக்காரர்.

"என்னைக் கேக்காதீங்க சார். படிக்கப் போறது அவ. அவளைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி விறுவிறுவென்று போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சிவில்!" என்றாள் சத்யப்பிரியா.

பின்வரிசை வரைக்கும் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் முகம் சுளித்து, "யாருங்க அது, இப்படிக் கத்துது?" என்றார்.

"எம் பொண்ணுங்க" என்றார் மேஸ்திரி.